நாற்காலி எபிசோடும் கூக்கால் பஸ்ஸும்

இன்று காலை எங்கள் ஊரான கூக்கால் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள், நேற்றைய அரசியல் தொடரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அந்த எபிசோடில் பஞ்சாயத்துத் தலைவி, தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவனை ஊரார் முன்னால் எழுப்பி விடுகிறாள். எனக்கு அது மிகையாகத்தான் பட்டது; நேற்றிரவு இங்கே போட்ட விமர்சனத்திலும் அப்படியே எழுதினேன்.

அந்த இருவரில், பூண்டு விற்கக் கொடைக்கானல் போகிற அக்காவும் அதையே சொன்னார். "நெசத்துல எவக்கா புருசனைப் பார்த்து எந்திரிங்கன்னு சொல்லுவா?"

அவர் பக்கத்தில் இருந்த மற்றவர் எங்கள் ஒன்றிய கவுன்சிலர். கூட்டங்களுக்கு எப்போதும் அவர் கணவர்தான் போவார்.

"நானும் சொல்லலத்தா. அவரு எந்திரிக்கிறதுக்குள்ள வெள்ளனே பஸ் ஏறிட்டேன். நம்ம ஊருக்கு இன்னொரு பஸ் வேணும்னு இன்னைக்கு நாந்தான் பேசப் போறேன்."

"பயமா இல்லையாக்கா?"

"இருக்குத்தான். நீ வாசல்ல வந்து நில்லு, போதும்."

அந்த எபிசோடு மிகையில்லை. பின்னணி இசைதான் அதிகம். என் விமர்சனத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

இறங்கியதும் பூண்டு மூட்டையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்துவிட்டார்கள். கூட்டம் எத்தனை மணிக்கு முடியும், யாருக்காவது தெரியுமா? அதுவரை கிலோ என்ன விலை சொல்லட்டும்?