தகப்பன் பெயரில் கிடந்த மனு

1966 செப்டம்பர் 12, திங்கட்கிழமை தேதியிட்ட அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'உமது மாணவர் அனுமதி ஜூலை 31உடன் முடிந்துவிட்டது. புதுப்பிக்க மனு வரவில்லை. பதினைந்து நாளில் நாட்டை விட்டு வெளியேறவும்.'

நான் ரங்கூனில் பிறந்தவன். பர்மா பாஸ்போர்ட்டில் வந்து மாட்டுங்காவில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஜூலை 18ஆம் தேதியே மனு கொடுத்திருந்தேன், ரசீது வாங்கவில்லை. ஜூனில் விடுதியை விட்டுத் தாராவிக்குக் குடிவந்ததையும் தெரிவிக்கவில்லை. மனுவில்கூடப் பழைய முகவரிதான். ஆகஸ்டில் வந்த நினைவூட்டல் விடுதியிலேயே கிடந்தது. இந்தக் கடிதத்தை ஒரு நண்பன் கொண்டுவந்து தந்தபோது ஐந்து நாள் போய்விட்டது. ரங்கூனுக்குத் திரும்பினால் மறுபடி வெளியே விடுவார்களா என்று தெரியாது. படிப்பு போனது என்றே நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்தும் முழங்காலில் இருந்தேன். "ஆண்டவரே, தவறு என்னுடையதுதான். ஆனாலும் என்னைப் படிக்கவிடும்." எழுந்தபோது பாய் சுருட்டிக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தார். கோட்டைப் பகுதியில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். அவர் கண்ணுக்குத் தப்பும் எழுத்துப்பிழை கிடையாது. கடிதத்தை வாங்கிப் படித்தார். மனு கொடுத்தது, வீடு மாறியது எல்லாம் சொன்னேன்.

"ஏலே சாமுவேலு, அழுதது போதும். ஃபாரத்துல பேர எப்படில எழுதுன?"

"சர்நேம்னு கேட்ட இடத்துல அப்பா பேரு, தாவீது. அப்புறம் சாமுவேல்."

"மொதமொத வந்தப்போ?"

"பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரி வெறும் சாமுவேல். பர்மாவுல இனிஷியல் கிடையாதே அக்கா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "இனிஷியல் போடுத புத்தி இங்க வந்து ஒட்டிக்கிட்டாக்கும்! ஒன் காயிதம் எங்கயும் போவல. ஒங்க அப்பா பேருல உக்காந்திருக்கும்."

திங்கட்கிழமை விடுப்பு எடுத்து, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு என்னோடு வந்தார். வீடு மாறியதை மறைக்காமல், மன்னிப்புக் கேட்டு, ஒரு விளக்கமும் டைப் செய்திருந்தார்.

"அத மட்டும் விட்டுரலாமே அக்கா."

"பொய்ய மடியில வச்சுக்கிட்டு ஆண்டவர்கிட்ட என்னத்தல கேப்ப?"

மராத்திக்காரக் குமாஸ்தா தாவீது என்ற பெயரில் தேடினார். ஜூலை 18 முத்திரையோடு மனு இருந்தது. "படிக்கிறது பையனா, அப்பாவா?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். அதிகாரி விளக்கத்தை இரண்டு முறை படித்தார். முகவரி விஷயத்துக்குக் கடுமையாக எச்சரித்தார். ஆனால், மனு கெடுவுக்கு முன்பே வந்ததை ஏற்றுக்கொண்டார். செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை, அடுத்த மே மாதம் வரை அனுமதி கிடைத்தது. தேர்வு எழுதினேன், தேறினேன்.

இப்போது மேற்படிப்பில் இருக்கிறேன். சபைக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களின் படிவங்களை அவர்களோடு உட்கார்ந்து நிரப்புகிறேன். ரசீது வாங்காமல் யாரையும் திரும்ப விடுவதில்லை. அந்தக் கண்டிப்பு அக்காவிடம் கற்றது. அன்பானவர்களே, இக்கட்டு வரும்போது நம் குற்றத்தைக் கழித்துவிட்டு ஜெபிக்க வேண்டாம். அதையும் சேர்த்தே அவர் முன் வையுங்கள். அவர் கேட்கிறார்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த மனுவின் ஓரத்தில், 'பழைய கோப்பு கிடைக்கவில்லை. தள்ளுபடி செய்ய வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. தன் கையெழுத்து அல்ல என்றார் குமாஸ்தா. பின்னர் இரண்டு முறை போய் விசாரித்தேன். எழுதியவர் யார் என்பது இதுவரை உறுதியாகவில்லை.