வயிற்றுப் பயம்

புதிய உணவகம் எதற்குள் நுழைந்தாலும் ஃபெலிசியா முதலில் கழிப்பறையைத்தான் போய்ப் பார்க்கிறார். தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, மேசையிலிருந்து அங்கே போக எத்தனை பேரைத் தாண்ட வேண்டும். பிறகு வந்து உட்கார்ந்து நிதானமாக ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸ் கொண்டுவரச் சொல்கிறார். "இங்க நம்ம ஆளுங்கள அனுப்பலாம்லா" என்றால் அந்தக் கடை தேறிவிட்டது என்று பொருள்.

அவருடைய ஆட்கள், தீராத குடல் நோயோடு வாழ்கிறவர்கள். மெர்கோங்கில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் அவருடைய உளவியல் ஆலோசனை அறை இருக்கிறது. டாக்டர்கள் அனுப்பி வருகிறவர்கள் பெரும்பாலும் கோபமாகத்தான் படியேறுகிறார்கள். "எனக்கென்ன மண்டையில கோளாறா?"

"மண்டை நல்லாத்தான் இருக்கு. வயிறு வருஷக்கணக்கா பயமுறுத்துனா யாருக்குத்தான் பயம் வராது? புண்ணுக்கு டாக்டர் மருந்து குடுப்பாரு. பயத்துக்குத்தான் நான்."

ஃபெலிசியா சிடாம் கிரியில் பிறந்து வளர்ந்தவர். மழையைப் பற்றிப் பேசுவதுபோல் மலத்தைப் பற்றிப் பேசுவார். தேவாலய வாசலில்கூடக் குரலைத் தாழ்த்துவதில்லை என்று கணவர் ரோனால்ட் நொந்துகொள்கிறார்.

சுங்கை பட்டாணியில் உணவகம் நடத்தும் முகம்மது கவுஸ் ஃபெலிசியாவிடம் வந்தபோது மகள் அஃப்ஸானாவின் நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. கவுஸுக்குப் பெருங்குடலில் புண். மணமகனின் கையைப் பிடித்து மகளை ஒப்படைக்கும் நேரத்தில் எழுந்து ஓட நேர்ந்தால்? தன் இடத்தில் தம்பியை உட்கார வைக்க முடிவு செய்திருந்தார். அதைக் கேட்டதிலிருந்து மகள் அவரோடு பேசவில்லை. "இதையும் எழுதுங்க, எனக்கென்னலா வெக்கம்" என்று கவுஸே பின்னர், இதை எழுதும் என்னிடம் சொன்னார்.

"நடுவுல எழுந்தா என்ன ஆகும்ணே?" என்று கேட்டிருக்கிறார் ஃபெலிசியா.

"எல்லாரும் பாப்பாங்க."

"பாத்துட்டு?"

"சாப்பாடு எப்பன்னு கேப்பாங்க."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்போடு வேலை முடிந்துவிடவில்லை. வாரக்கணக்கில் மூச்சுப் பயிற்சி, வயிறு முறுக்கும்போது பதறாமல் உட்காரும் பயிற்சி. கடைசியாக, சுங்கை லாலாங்கில் நிக்காஹ் நடக்கவிருந்த மண்டபத்துக்கே அவரை அழைத்துப் போனார் ஃபெலிசியா. வெற்று நாற்காலிகளுக்கு முன்னால், பாதியில் எழுந்து போய்த் திரும்பி வந்து உட்காரும் ஒத்திகை நடந்தது.

நிக்காஹ் அன்று கவுஸ் எழுந்தே விட்டார். இமாம் பேச வாயெடுத்த நேரம், "கொஞ்சம் இருங்க, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஓடாமல், நடந்து போனார். அத்தனை தலைகளும் அவர் பின்னால் திரும்பின. பெண்கள் வரிசையில் ஃபெலிசியா மட்டும் திரும்பவில்லை. பக்கத்திலிருந்த கவுஸின் மனைவி ரஹ்மத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சேலை எங்க எடுத்தீங்கக்கா?" என்று கேட்டார்.

"பினாங்குலம்மா" என்றார் ரஹ்மத், கண்ணை வாசலிலிருந்து எடுக்காமல்.

கவுஸ் வந்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, மணமகனின் கையைப் பற்றினார். சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொன்னார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்ட சொல் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அப்போதுதான் ஃபெலிசியா ரஹ்மத்தின் கையை விட்டார். ரஹ்மத்தின் விரல்கள் சிவந்திருந்தன.