புறங்கையால் பார்த்தவர்

ஹந்தானைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் வேலை பார்த்தபோது, பிரசவத்துக்குப் பெண்களைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்னுடைய பழைய கார் ஒன்றுதான் இருந்தது. இறக்கத்தில் ஓடும். திரும்பி வரும்போது ஏற்றத்தில் இழுக்காமல் நின்றுவிடும். பிளக், கார்புரேட்டர் எல்லாம் மாற்றியாயிற்று. இனி எஞ்சினையே கழற்ற வேண்டும் என்றார்கள்.

ஒருநாள் அப்படி நின்றபோது, தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பு பார்க்கிறவர் நடந்து வந்தார். மெலிந்த மனிதர். வலது புறங்கையில் ஒரு மயிர்கூட இல்லை. அடுப்புச் சூட்டில் பொசுங்கிப் பளபளக்கும். எதையும் அந்தப் புறங்கையால்தான் பார்ப்பார், தேநீர்க் கோப்பையைக்கூட.

"ஸ்டார்ட் பண்ணுங்க ஐயா" என்றவர், பின்னால் குந்திப் புகைக்குழாய் வாயில் புறங்கையைப் பிடித்தார்.

"காத்து சரியா வரலீங்க. உள்ள போறதத்தான் எல்லாரும் பாத்திருக்காங்க. பொக வெளிய போக வழி இல்லாட்டி அடுப்பு எரியுமா?"

"எஞ்சின் பழுதெண்டெல்லோ சொன்னவங்கள்" என்றேன்.

அவர் என் ஸ்பேனரை வாங்கி, சைலன்சருக்கு முன்னால் இருந்த இணைப்பைத் தளர்த்தினார். மலையே அதிரும் சத்தத்தோடு கார் ஏறியது. சைலன்சருக்குள் தகடு துருப்பிடித்து உடைந்து வழியை அடைத்திருந்தது.

அடுத்த மாதம், புதுச் சைலன்சரோடு, அவருடைய மகளையும் பச்சைக் குழந்தையையும் எங்கும் நிற்காமல் லயத்தில் அவர் வீட்டு வாசல் வரை கொண்டுவந்தேன். காத்திருந்தவர் நேரே காரின் பின்பக்கம் போய்க் குந்தினார். புறங்கையைப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கையை இடுப்புச் சாரத்தில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து, அதே புறங்கையைப் பேத்தியின் மூக்கருகே பிடித்தார்.