பட்டன் டப்பாவில் தட்டான் சட்டை

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பிய மறுநாள், இலைகள் பழுக்கத் தொடங்கிய ஒரு புதன்கிழமை, சித்தி தையல் கடையை விட்டு வெளியேறினாள். பதினெட்டு வருடம் காலர் தைத்த கடை. பத்து நாள் லீவு கேட்டாள், முதலாளி சிரித்தார்.

"தட்டான் பிடிக்கவா லீவு? என்னம்மா வயசு உங்களுக்கு?"

"பிடிக்க இல்லைங்க, தேட. வயசு நாப்பத்தாறு."

தன் கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றங்கரைக்கு அடுத்த மாதம் சிமெண்டுச் சுவர் வரவிருந்தது. வால் நுனியில் நீலப் பட்டை உள்ள அரிய தட்டான் அங்கேயே பிறந்து வளர்கிறது என்று நிரூபித்தால் சுவர் வராது. அதற்குச் சுவர் வேலையைப் பார்க்கும் அதிகாரி கேட்டது, கொன்று ஊசியில் குத்திய ஒரு பூச்சி.

"உயிரோட இருக்குன்னு காட்டறதுக்கு எதுக்குங்க சாகடிக்கணும்?"

"ரூல் அப்படிம்மா."

முழங்கால் தண்ணீரில் கோரை கோரையாகத் தேடினோம். எனக்கு இரண்டாம் நாளே அலுத்துவிட்டது.

"ஊரெல்லாம் பார்த்துட்டு வந்தவளுக்கு ஒரு கோரையைப் பார்க்கப் பொறுமை இல்லையாடி?"

ஏழாம் நாள் நீலப் பட்டை எங்களைத் தாண்டிப் பறந்தது. நான் தொப்பியை வீசப்போனேன். சித்தி என் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தாள். "விடுடி, அதுக்கு வேலை இருக்கு."

பிறகு அது கிளம்பிய கோரைத்தண்டில் குனிந்தாள். தண்ணீரில் வளர்ந்த குஞ்சு மேலேறி உரித்துப்போட்ட தோல், காலெல்லாம் அப்படியே தண்டைப் பற்றிக்கொண்டிருந்தது.

"சட்டைடி! முதுகுல கிழிச்சிட்டுப் போயிருக்கு. பாரு, உள்ள வெள்ளை நூல்கூடத் தொங்குது."

தொடர்ந்து தேடியதில் மொத்தம் இருபத்து மூன்று சட்டைகள். தேதிச் சீட்டோடு பட்டன் டப்பாவில் அடுக்கினாள்.

அலுவலகத்தில் அதிகாரி டப்பாவைக் குலுக்கப்போனார். சித்தி கையைப் பிடித்தாள்.

"உடம்பே இல்லையேம்மா?"

"சட்டையை வெச்சே உடம்பைச் சொல்றவ நான். சட்டையோட பக்கவாட்டுல இருக்கற முள் வரிசையைப் பாருங்க, எந்தத் தட்டான்னு தெரியும். இங்க உரிச்சிருக்குன்னா இங்கதான் பிறந்திருக்கு."

"மேல இருக்கறவங்க இதையெல்லாம் சட்டை பண்ண மாட்டாங்க."

"பண்ண வைக்கிறேன்."

சீல் போட்ட ரசீது கைக்கு வரும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. விசாரணை முடியும்வரை வேலை தொடங்கக் கூடாது என்று அதில் எழுத வைத்தாள்.

எனக்கு மறுபடி கால் அரித்தது, கிளம்பிவிட்டேன். எட்டு மாதம் கழித்து, ஏதோ ஒரு பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது போனில் சித்தியின் செய்தி வந்தது:

"சட்டை பண்ணிட்டாங்கடி. சுவர் இல்லை. டப்பாவை மட்டும் திருப்பித் தர மாட்டேங்கறாங்க. நாளைக்குப் போய் உட்காரப்போறேன்."