மதினி வாங்கி வந்த வள்ளம்

ஞானபாக்கியம் என் அண்ணன் பெண்டாட்டி, எனக்கு மதினி. அண்ணன் செத்த பிறகு சுருளிப்பட்டியில் இருந்த துண்டு நிலத்தில் வெங்காயமும் கேப்பையும் போட்டு, ஒரே மகள் செபஸ்தியை வளர்த்து, ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்தார். நினைத்த நேரம் போய்ப் பார்க்கலாம் என்றுதான் அங்கே கொடுத்தார். அப்போதெல்லாம் ஆறு என்றால் மணல்தான். குழம்பு இறக்கிய சூட்டோடு ஒரு சட்டியில் ஊற்றிக்கொண்டு போய் மகளுக்குக் கொடுத்துவிட்டு வருவார்.

பிறகு பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்துகொண்டு இந்தப் பக்கம் வந்தது. வயல்காரர்கள் குலவை போடாத குறைதான். மதினிக்கோ மகள் கண்ணுக்கு எட்டியும் கைக்கு எட்டாமல் போனாள். சுற்றிப் போனால் வண்டியில் முழுப் பகல், வழியெல்லாம் கல்லும் பள்ளமும். துணி துவைக்கிற நேரத்தில் இருவரும் ஆளுக்கொரு கரையில் நின்று கத்துவார்கள். "சாப்ட்டியாடி?" என்பார் மதினி. பதிலில் பாதியை ஆறு விழுங்கிவிடும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் பேசிக்கொண்டிருப்பார்.

செபஸ்தியைத் தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் அழைத்து வந்தது என் வண்டியில்தான். பாதி வழியில் வலி கண்டுவிட்டது. பிள்ளை தங்கவில்லை. நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். ஆனால் யாரிடம் போய் அதைச் சொல்ல? மறுபடி அவள் உண்டானபோது, "இனி மருமகளை வண்டியில ஏத்த மாட்டோம். வேற வழி இருந்தாக் கூட்டிட்டுப் போகட்டும்" என்று சம்பந்தி வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு?

"அவ எம்வீட்டுலதான் பெறணும் தம்பி. அந்தப் புள்ள அழுகுற முதச் சத்தத்த நான் கேக்கணும்" என்றார் மதினி. வாழைத்தண்டுத் தெப்பத்தில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்ற முடியாது. மலைமேல் பெரியாற்று ஏரியில் ஆட்களைப் படகில் அக்கரை சேர்த்துக்கொண்டிருந்த ஒரு மலையாளத்துக்காரர் ஊருக்குத் திரும்பப் போகிறார், வள்ளத்தை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும், கறவை எருமையை விற்றுவிட்டு என் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கயிற்றால் பலகைகளைத் தைத்த வள்ளம். பன்னிரண்டு முழம். என் வண்டியோ அதில் பாதி. ஏற்றியதும் வால் கனத்து, நுகம் மாட்டுக் கழுத்தைவிட்டு எழும்பியது. முன்பக்கம் மூட்டை மூட்டையாகக் கல்லை வைத்தேன், போதவில்லை. மதினியே ஏறி வள்ளத்தின் மூக்கில் உட்கார்ந்துகொண்டார்.

வள்ளக்காரர் கணுக்கால் அளவு தண்ணீரை உள்ளே விட்டு, ஈரச்சாக்கும் போட்டிருந்தார். "வெள்ளம் களயண்டா, ஈரம் வேணும்" என்றார். தண்ணீரைக் கொட்டாதே என்கிறார்; எனக்கு மலையாளம் நன்றாகவே புரியும். புரிந்து என்ன செய்ய, இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிற திமிர் விடவில்லை. அவர் தலை மறைந்ததும், "இறக்கத்துல மாடு சாகட்டுமின்னு தண்ணியையும் சேத்து வித்துருக்காரு பாருங்க மதினி!" என்று அத்தனையையும் சாய்த்துக் கொட்டினேன். ஈரச்சாக்கையும் வீசிவிட்டேன். "நல்ல வேலை செஞ்சீக" என்று மதினி பழைய சேலையால் ஒவ்வொரு பலகையாகத் துடைத்தார்.

ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் வால் பாறையில் முட்டியது. வழியில் போகிற பொதிக்காரர்களைக் கும்பிட்டு, வாலைத் தூக்கித் திருப்பி, வண்டியை நகர்த்தினோம். கூடலூரில் ஊரே கூடிவிட்டது. "மாட்டுக்குத் தண்ணித் தொட்டியாய்யா?" என்றான் ஒருவன். "ஆமா, ஒங்க தாத்தா குளிக்க!" என்றேன். மதினி மேலே உட்கார்ந்து சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆடி மாதம். பள்ளத்தாக்கில் காற்று மண்ணை வாரி அடித்தது. மூன்றாம் நாள் ஊர் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்த பிறகுதான் தண்ணீரில் விட வேண்டும் என்று மதினி ஒரே பிடிவாதம். ஆறு நாள் அது வாசலில் வெயிலும் காற்றும் குடித்துக்கொண்டு கிடந்தது. மதினி விடிந்தால் அடைந்தால் துடைத்தார்.

அந்த ஞாயிறு இரு கரையிலும் கூட்டம். இரு பக்க மரங்களுக்கும் வடம் இழுத்துக் கட்டியிருந்தோம், அதைப் பிடித்து நகர்ந்தால் போதும். அக்கரையில் செபஸ்தி புதுச்சேலை கட்டி, கையில் துணிமூட்டையோடு நின்றாள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். மதினியை ஏற்றி வள்ளத்தைத் தள்ளினோம்.

பத்து அடி போயிருக்கும். தையல் தையலாகத் தண்ணீர் பீறிட்டது. காய்ந்த பலகைகள் சுருங்கி, நகம் நுழைகிற இடுக்கு விட்டிருந்தன. மதினி குடத்தால் மொண்டு மொண்டு ஊற்றினார். "ஏத்தா, எறங்குங்க!" என்று கத்தினார்கள். இறங்கவில்லை. வள்ளம் முழங்காலளவுத் தண்ணீரில் தரை தட்டியது. அதற்குள்ளேயே நின்று அக்கரையைப் பார்த்தார். சம்பந்தி வீட்டார் செபஸ்தியைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் காலையில் போய், "தண்ணியக் கொட்டாதேன்னு அந்த மனுசன் சொன்னாக மதினி. நாந்தான் திமிருல கொட்டிட்டேன்" என்றேன். செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"தொடச்சது நாந்தானய்யா" என்றார். எழுந்து ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். நாலு நாளும் பகலெல்லாம் அங்கனயே கிடந்தார்.

ஐந்தாம் நாள் விடிந்ததும், தண்ணீர் நிறைந்து தரை தட்டிக் கிடந்த வள்ளத்தை மதினி கண்ணில் படாமல் இழுத்து விறகுக்காவது போடுவோம் என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போனேன். இழுக்க வாகாக இருக்கட்டும் என்று உள்ளே இருந்த தண்ணீரை மொண்டு ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் குறைந்தது. திரும்ப ஏறவே இல்லை. பலகைகள் ஊறிப் பருத்து, தையலெல்லாம் இறுகியிருந்தன. வள்ளம் மெல்ல எழும்பி மிதந்தது. அந்த மலையாளத்துக்காரரை நினைத்து என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

"மதினி! மெதக்குது மதினி!" என்று ஊருக்குள் ஓடினேன். பாதி வழியில் மதினி எதிரே ஓடி வந்தார். மேல்துறையில் துவைக்கப் போன பெண்களிடம் அக்கரையிலிருந்து கத்திச் சொல்லியிருக்கிறார்கள். கோழி கூவும்போது பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

வடத்தைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து போனோம். சம்பந்தி அம்மாள் பிள்ளையைக் கொண்டுவந்து மதினியின் மடியில் வைத்தார். மதினி அதன் பிஞ்சுக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏண்டி ஆத்தா, இன்னும் ஒரு பொழுது பொறுக்கக் கூடாதா?" என்றார். "நாந்தான் வந்துக்கிட்டே இருந்தேனே."