முந்தி வந்த துண்டு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் கேஸ் ரசீதைப் பிடித்துக்கொண்டிருக்கும் மேக்னட் ஒரு மிளகளவுதான் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் குவாலிட்டி மேடம் மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

தூத்துக்குடியில், இறால் சூப்பைப் பாக்கெட்டில் அடைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. சரக்கை அனுப்பிவைப்பது என் வேலை. சூப்பு கொதிக்கும் சூட்டில் நீளமான குழாய்க்குள் ஓடும். ஒவ்வொரு இறால் துண்டும் அதற்குள் போதிய நேரம் இருந்தால்தான் நடுப்பகுதி வரை சூடேறிக் கிருமி சாகும். அதை அளப்பதற்காக மேடம், இறால் மாதிரியே செய்த போலித் துண்டுகளுக்குள் மேக்னட் வைத்துக் குழாயில் விடுவார். உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் அந்த மேக்னட்டை உணரும் கருவி காட்டும். சராசரி நேரம்தான் நன்றாக இருக்கிறதே என்று முதலாளி சொன்னால் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "சராசரிய யாரு சார் திங்கா? எல்லாத்துக்கும் முந்தி ஒரு துண்டு ஓடி வருதே, அதைத் திங்கப்போறது யாரு வீட்டுப் பிள்ளையோ!" என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிற்று.

ஒருவழியாகச் சோதனை தேறிச் சரக்கும் கண்டெய்னரில் ஏறியது. இந்தக் கப்பலை விட்டால் நீ வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார். கதவைப் பூட்டப்போகும் நேரம் பார்த்து, சூப்பைக் குழாயில் தள்ளும் பம்பை ஓட்டும் அண்ணாச்சி டீயோடு வந்தார். முன்பு விசைப்படகு ஓட்டியவர். மேடத்திடம் பெருமையாகவே சொன்னார்: "நீங்க துண்டு போடும்போதெல்லாம் நான் வேகத்தைக் கொறைச்சிருவேன் மேடம். கடல்ல வலை எறக்கும்போது எஞ்சினைக் கொறைப்போம்லா, அந்தப் பழக்கம்."

மேடம் டீயைக் கீழே வைத்துவிட்டார். அண்ணாச்சியின் வாயைப் பொத்தலாமா, மேடத்தின் காலில் விழலாமா என்று தவித்துப் போனேன். விழுந்தே கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "ஒங்க வேலை போயிரும்னு தெரியும் தம்பி. அதுக்காக இதை அனுப்ப முடியாது" என்றார். பம்பை முழு வேகத்தில் ஓட்டி மறுபடி சோதித்தார்கள். வேகப் போதுமான நேரம் ஆகும் முன்பே ஒரு துண்டு துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. சரக்கு முழுவதையும் இறக்கி அழித்தார்கள். கப்பல் போயிற்று, என் வேலையும் போயிற்று. கிளம்பிய அன்று மேடம் அந்தத் துண்டுக்குள் இருந்த மேக்னட்டை என் கையில் வைத்தார். வழியனுப்ப வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று ஆத்திரமாக வந்தது.

இப்போது ஒரு லாரி ஆபீசில் இருக்கிறேன். நேற்று மகள் ஆசைப்பட்டாள் என்று மனைவி கடையில் சூப்பு பாக்கெட் வாங்கி வந்தாள். நான் அதைச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். கொதித்தும் இறக்க மனம் வரவில்லை.

"வெந்ததுதான, இன்னும் எதுக்குப் போட்டுக் கொதிக்க வைக்கிய? பிள்ள பசியில நிக்கா" என்று மனைவி சலித்துக்கொண்டாள்.

மகள் காலிக் கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றாள். அவள் தலைக்கு மேலே அந்த மேக்னட். இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கட்டும் என்றேன்.