தலைமாட்டில் நின்றவள்

வியாழக்கிழமை காலை ஆறரை மணி பஸ்ஸில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து புறப்பட்டேன். எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. பொள்ளாச்சியில் வண்டி மாறி, பழனி, திண்டுக்கல், கம்பம் வழியாக மலையேறி, வண்டிப்பெரியார் போய்ச் சேர வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் இரண்டு ஊரும் ஒரே கேரள மாநிலம்தான். பஸ்ஸில் போகிறவனுக்குத் தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் வழி.

மடியில் தோல்பெட்டி இருந்தது. கண்டக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, பொட்டியில என்னங்க, பொன்னுங்களா? மேல போடுங்க, இன்னொருத்தரு உக்காரோணும்."

"காமிராங்க. மேல போட்டா ஒடஞ்சு போயிரும்."

"அப்ப எங்களையெல்லாம் ஒரு படம் புடிங்க. பொட்டிக்கு டிக்கெட் போடாம உட்டர்றனுங்க."

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் காமிராவைப் பற்றி யார் கேலி பேசினாலும் எனக்குப் பிடிக்காது. மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. எங்கள் பக்கத்தில் அதுபோல் வேறொன்று இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. பெட்டிக்குள் காமிராவைவிட எனக்குப் பெருமை தந்த ஒன்றும் இருந்தது. புகை நிறத்தில் இரண்டு வட்டக் கண்ணாடிகள், ஒளியை ஒரு திசையில் மட்டும் விடுபவை. ஒன்றை லென்சின் முகப்பில் திருகி, அதன்மேல் இன்னொன்றைத் திருகி, வெளிக் கண்ணாடியின் வளையத்தைச் சுழற்றினால் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கால் சுற்றில் நடுப்பகல் அந்தியாகிவிடும். அத்தனை இருட்டில் படம் பதிய மூடியைப் பல நொடிகள் திறந்து வைக்க வேண்டும். அந்த நொடிகளில் நிற்பது பதியும், நகர்வது கரையும். அருவியை அப்படி எடுத்தால் தண்ணீர் பாலாவி போல விழும். அந்தப் படம் ஒன்றுக்காகத்தான் பயணம்.

கம்பத்தில் இறங்கியபோது நல்ல வெயில். குமுளி மலைப்பாதையில் பாதி ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வண்டிப்பெரியாரில் இறங்கியபோது இருட்டிவிட்டது. என் பழைய மாணவன் செல்வராஜ் குடையோடு நின்றிருந்தான். அங்கே ஒரு தேயிலை எஸ்டேட் ஃபாக்டரியில் டீமேக்கர். பக்கத்தில் எஸ்டேட் ஜீப், அதன் டிரைவர் ஞானமணி. நாற்பது வயது இருக்கும், திருநெல்வேலிப் பக்கத்து ஆள், வாய் ஓயாதவர்.

"சார்தான் அருவியப் படம் புடிக்க வந்தவுகளா? தண்ணியத் தவிர இங்க வேற ஒண்ணும் கெடையாது சார். கூரையில இருந்துகூட விழுது, வந்து புடிங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மழை சற்று விட்டது. எஸ்டேட்டின் கடைசி டிவிஷனுக்குப் பின்னால், ஜீப் போகும் இடம்வரை போய், பிறகு கொழுந்து மூட்டை சுமப்பவர்களின் ஒற்றையடிப் பாதையில் நடந்தால் அருவி. மேகம் தரைவரை இறங்கியிருந்தது. தேயிலைச் செடிகளும் பாறையும் ஆகாயமும் ஒரே சாம்பல். முக்காலியை நிறுத்திக் கண்ணாடிகளைத் திருகினேன். சாரல் பட்டுக்கொண்டே இருந்ததால் வெளி வளையம் வழுக்கியது. வைத்த நிலை மாறக் கூடாதென்று முடிந்தமட்டும் இறுக்கினேன்.

ஞானமணி வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"என்ன சார், கரண்டு போயிட்டு!"

விளக்கினேன். நகர்கிறவன் படத்தில் விழமாட்டான் என்றேன். அவருக்குப் பெரிய சந்தோஷம்.

"இந்தக் கண்ணாடியத் தொரைக்கு மாட்டி விட்டுருங்க சார். நான் நடந்துக்கிட்டே இருக்கேன். அவர் கண்ணுக்கு விழவே மாட்டேன்லா!"

சொன்னபடியே, நான் மூடியைத் திறந்ததும் அருவிக்கு முன்னால் இருந்த பாறைகளில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நடந்தார். கையை வீசி, நாக்கை நீட்டி, நடந்தார். அதுதான் அவரை நான் கடைசியாகச் சரியாகப் பார்த்தது.

சனிக்கிழமை விடியற்காலை, ஜீப் ஷெட்டில் வண்டியைக் கிளப்பப் போனவர் ஸ்டீயரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. செல்வராஜ் வந்து என்னை எழுப்பிச் சொன்னான். இருவரும் லயத்துக்குப் போனோம். வரிசை வீடுகளின் நடுவில் ஒரு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஞானமணியின் மனைவி மரியபுஷ்பம் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் இல்லை.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. அடக்கத்துக்குமுன், சவப்பெட்டியைச் சற்றுத் தூக்கி வைத்து, இறந்தவரோடு உறவினர் நின்று ஒரு படம் எடுப்பார்கள். வர முடியாதவர்களுக்கு அதை அனுப்புவார்கள். நிற்கும் இடங்களுக்கு அர்த்தம் உண்டு. தலைமாட்டில் நிற்பது மனைவி. இறந்தது பெண் என்றால் கணவன். வேறு யாரும் அங்கே நிற்பதில்லை.

டவுன் ஸ்டுடியோக்காரர் தங்கச்சனைக் கூட்டிவர ஆள் அனுப்பப் போவதாகச் செல்வராஜ் சொன்னான்.

"எதுக்கு? நான் இருக்கேன்ல" என்றேன்.

"சாருக்கு எதுக்கு சிரமம்…"

"அவன் டப்பாக் காமிராவுல எடுக்கறதுக்கு நான் எடுக்கறது எவ்வளவோ மேல்."

போகக் கிளம்பியிருந்த ஆளைத் திருப்பி அழைத்தார்கள்.

மரியபுஷ்பத்துக்கு இது தெரிந்ததும் எழுந்து என்னிடம் வந்தாள்.

"சார், எங்க கல்யாணத்த அவுக அம்மா ஒத்துக்கிடல. அவுக சபை வேற, நான் ஆர்.சி. பன்னெண்டு வருசம் ஆச்சு, எம் மூஞ்சியக்கூட பாத்ததில்ல. எவளோ ஒருத்தி சோறு பொங்கிப் போடுதான்னுதான் ஊர்ல சொல்லிக்கிட்டு இருக்காக. கல்யாணத்துக்குப் படம் எடுக்கல சார். இந்த ஒரு படந்தான். நான் தலைமாட்டுல நிக்கது நல்லா விழணும். அத அவுகளுக்கு அனுப்பணும்."

"கவலைப்படாதம்மா. தெளிவா விழும்" என்றேன்.

பகல் பன்னிரண்டுக்கு அறைக்கு வந்து காமிராப் பெட்டியைத் திறந்தேன். முந்தின நாள் அருவியிலிருந்து திரும்பியபோது, ஈரத்தோடு அப்படியே உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன். கண்ணாடிகள் லென்சில் இறுகியிருந்தன. வெளி வளையம் அசையவில்லை. உள் வளையமும் அசையவில்லை. துணி சுற்றித் திருகினேன், ரப்பர் பட்டை போட்டுத் திருகினேன், அடுப்படியில் காட்டினேன். உள்ளங்கை தோலுரிந்ததுதான் மிச்சம். ஏறக்குறைய முழு இருட்டு நிலையில், அருவிக்கு வைத்த இடத்திலேயே அது நின்றுவிட்டது. வேறு லென்சும் என்னிடம் இல்லை.

அடக்கம் நான்கு மணிக்கு. டவுன் அரை மணி தூரம். தங்கச்சனை அழைத்துவர நேரம் தாராளமாக இருந்தது. செல்வராஜிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். லென்சை முழுக்கத் திறந்தால் நான்கு நொடி. நான்கு நொடி யாரால் நிற்க முடியாது என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

மூன்றரைக்கு வாசலில் சவப்பெட்டியைச் சாய்த்து வைத்தார்கள். மழை தூறியது. இரண்டு பேர் பின்னால் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தார்கள். ஞானமணிக்கு வெள்ளைச் சட்டை, தலையை வாரியிருந்தது. கால்மாட்டில் லயத்து ஆட்கள். தலைமாட்டில் மரியபுஷ்பம், தனியாக.

"நான் சொன்னதும் யாரும் அசையக் கூடாது. நாலு நொடி" என்றேன்.

"நாலு நொடியா?" என்றார் ஒரு கிழவர். "எங்க பேரன் கல்யாணத்துல பளிச்சுன்னு ஒரு அடிதான் அடிச்சான்."

"இது வேற காமிரா" என்றேன்.

மூடியைத் திறந்தேன். முதல் நொடி எல்லாரும் நின்றார்கள். இரண்டாவது நொடியில் அவள் உதடு நடுங்குவதைப் பார்த்தேன். பிறகு தோள், பிறகு உடம்பு முழுவதும். குனிந்து கணவன் நெற்றியைத் தொட்டு நிமிர்ந்தாள். மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் அதேதான். மூன்றாவதில் கால் நின்றது, முகம் நிற்கவில்லை. அடக்கம் செய்துவைக்க வந்திருந்த சபை ஊழியர் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியை மூடினார்கள்.

ஞாயிறு காலை ஃபிலிமை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். கழுவிப் பிரிண்ட் போட வேறு இடமில்லை, தங்கச்சனின் ஸ்டுடியோதான். கோட்டயம் பக்கத்திலிருந்து வந்தவர், தமிழும் மலையாளமுமாகப் பேசுவார். நேற்று தன்னை வரவிடாமல் செய்தது யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து ஈரப் பிரிண்ட்டைக் கிளிப்போடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"சாரே, மரிச்ச ஆளு மட்டும் கொள்ளாம், நல்லா போஸ் கொடுத்திட்டுண்டு. ஜீவனுள்ளவங்களக் காணல."

ஞானமணியின் மீசை மயிர்கூட எண்ணலாம்போல இருந்தது. சட்டைப் பொத்தான், பெட்டியின் ஆணி, எல்லாம் கூர்மை. கால்மாட்டு ஆட்கள் சற்றே கலங்கியிருந்தாலும் அடையாளம் தெரிந்தார்கள். தலைமாட்டில் ஒரு வெளிறிய புகை. கீழே புடவைக் கொசுவமும் இரண்டு பாதங்களும் இருந்தன. மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் தார்ப்பாயின் மடிப்பு தெரிந்தது.

"பல்பு வச்சு ஒரு அடி. அத்தற ஒள்ளூ காரியம், அவ்வளவுதான்" என்றார் தங்கச்சன். "சரி போட்டே, விடுங்க. வேற எதாவது வேணுமா?"

அருவிப் படத்தையும் போடச் சொல்லியிருந்தேன். அது நான் ஆசைப்பட்டபடியே வந்திருந்தது. தண்ணீர் ஆவியாக இறங்கியது. பாறைகளின்மேல் யாருமில்லை.

திங்கள் காலை எனக்கு ஒன்பது மணிக்குக் குமுளி பஸ். எட்டு மணிக்கு லயத்துக்குப் போனேன். மரியபுஷ்பம் படத்தை வாங்கி, கதவருகே வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வெகு நேரம் பார்த்தாள்.

"அவுக நல்லா விழுந்திருக்காக" என்றாள். பிறகு, "நான் எங்க சார்?"

விரலால் காட்டினேன்.

"இதா?"

"நீ அசைஞ்சுட்டயேம்மா" என்றேன்.

அது பொய்யில்லை. அவள் அசைந்தாள், அதை நானே பார்த்தேன். இத்தனை வருடமாக அந்த வாக்கியத்தின் உண்மையை நான் சோதித்து வருகிறேன், ஒவ்வொரு முறையும் அது சரியாகவே இருக்கிறது. என் கண்ணாடி இறுகியிருந்தது, அதைச் சொல்ல வெட்கப்பட்டேன், உனக்காக வர இருந்தவரை நான்தான் நிறுத்தினேன் என்ற மூன்றையும் மறைக்க அந்த உண்மை ஒன்றே போதுமானதாக இருந்தது.

அவள் தலையாட்டினாள்.

"ஆமா சார். நீங்க சொல்லத்தான் செஞ்சீக. எனக்குத்தான் நிக்க முடியல. அழாம நின்னிருந்தா விழுந்திருப்பேன்." படத்தைப் பின்பக்கம் திருப்பி நீட்டினாள். "பின்னால எழுதித் தருவீகளா சார்? தலைமாட்டுல நிக்கது நான்தான்னு. படிச்சவுக கையெழுத்துன்னா நம்புவாக."

பேனாவை எடுத்தேன். "தலைமாட்டில் நிற்பவர் ஞானமணியின் மனைவி மரியபுஷ்பம்" என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதன்கீழ், "அசைந்துவிட்டதால் முகம் பதியவில்லை" என்றும் எழுதி, பெயரும் பட்டமும் போட்டேன். அவள் ஊதிக் காயவைத்தாள். கிளம்பும்போது பால் விடாத கட்டன் சாயா கொடுத்தாள். குடித்தேன்.

அந்த வருடக் கடைசியில் செல்வராஜ் எங்கள் பக்கம் வந்தபோது சொன்னான். திருநெல்வேலியிலிருந்து ஞானமணியின் அண்ணன் பதில் போட்டிருந்தாராம். படம் கிடைத்தது, தம்பி தூங்குவது போலவே இருக்கிறான், அம்மா படத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். தலைமாட்டில் நிற்க ஒருத்தியுமில்லாமல் போனானே என்றுதான் அழுகிறாள். பின்னால் எழுதியிருந்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தையுமில்லை. மரியபுஷ்பம் அதற்குப் பதில் எழுதவில்லை. உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டாள். எந்தத் தோட்டம் என்று செல்வராஜுக்குத் தெரியவில்லை. நானும் அழுத்திக் கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஒன்பது மணி பஸ் ஒன்பதே காலுக்கு வந்தது. குமுளிவரை மழை. சன்னலின் தார்ப்பாய்த் திரையை இறக்கிவிட்டதால் எதையும் பார்க்க முடியவில்லை, பார்க்கவும் தோன்றவில்லை. மலையிறங்கும்போது ஒரு வளைவில் மழை சட்டென்று நின்றது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் வெயில். எங்கள் ஊரில் அடிக்கும் அதே வறண்ட காற்று முகத்தில் அடித்தது. எங்கள் பக்கத்தில் ஈரம் எதிலும் தங்காது, காலையில் நனைந்தது மதியத்துக்குள் காய்ந்துவிடும். இதை எத்தனையோ முறை ஊர்ப்பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் வண்டிக்கு அரை மணி இருந்தது. வெயிலில் சிமெண்ட் பெஞ்சில் பெட்டியை வைத்து உட்கார்ந்தேன். பெட்டி சுட்டது. சும்மா இருக்க முடியாமல் காமிராவை வெளியே எடுத்து, இரண்டு விரலால் வளையத்தைத் தொட்டேன். கழன்று கையோடு வந்தது. இரண்டாவதும் வந்தது. ஒரு தடையுமில்லை.

லென்ஸ் வழியே பார்த்தேன். எதிரே குமுளி போகும் பஸ் நின்றிருந்தது. ஜன்னல் கம்பிகள், உள்ளே கைக்குழந்தையோடு ஒரு பெண், அவள் காதில் ஆடிய தொங்கட்டான், எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஏறினால் மதியத்துக்குள் லயத்தில் இருக்கலாம். தபால் மாலையில்தான் போகும் என்று மரியபுஷ்பம் சொல்லியிருந்தாள். படத்தைத் திருப்பி வாங்கி, பின்னால் எழுதியதில் கடைசி வரியை அடித்துவிட்டு, நடந்ததை எழுதலாம்.

கண்டக்டர் இரண்டு தரம் விசில் கொடுத்தார். "குமுளி, குமுளி! எடம் இருக்கு, வாங்க சார்!" என்று என்னைப் பார்த்தே கூப்பிட்டார்.

நான் வரவில்லை என்று கையசைத்தேன். வெள்ளரிப்பிஞ்சு விற்றவளைக் கூப்பிட்டு இரண்டு வாங்கி, திண்டுக்கல் வண்டி வரும்வரை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.